கடிக்கும் முன்பே கிளி சொல்லிவிடுகிறது

திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரையும் விட்டுவிடுகிறேன். அவர் எழுதியதன் சுருக்கம் இதுதான்.

வீட்டில் கணவர், மாமியார், 9 வயது மகன், 4 வயது மகள். மகனின் பிறந்தநாளுக்காக ஆறு வாரத்துக்கு முன் சன் கனூர் கிளிக்குஞ்சு ஒன்று வாங்கினார்கள். அப்போது அதற்கு இரண்டரை மாதம். பிள்ளைகள் ஜிலேபி என்று பெயர் வைத்தார்கள். முதல் பத்து நாள் யார் கையில் விட்டாலும் சாதுவாக உட்கார்ந்திருந்தது. பிறகு லேசாகக் கொத்தத் தொடங்கியது. போன வாரம் ஒரு மாலை, டிவி ஓடிக்கொண்டிருந்த நேரம், சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்த கிளியை மகள் பின்னாலிருந்து ஓடிவந்து தூக்கப் போனாள். ஆள்காட்டி விரலைக் கவ்வி, ரத்தம் வந்துவிட்டது. கணவர் கோபத்தில் கிளியின் அலகில் சுண்டினார். அன்றிலிருந்து அவர் கையைக் கண்டாலே கிளி சீறுகிறது. மகள் அந்த அறைக்கே வர மறுக்கிறாள்.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். "இறக்கையை வெட்டிவிடுங்கள், அடங்கிவிடும்" என்கிறார் கடைக்காரர். "பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் இது எதுக்கு, திறந்து விட்டுடு" என்கிறார் மாமியார். "வெளிநாட்டுக் கிளி அப்படித்தான். நம்ம ஊர் பச்சைக்கிளிக் குஞ்சு ஒண்ணு ஏற்பாடு பண்றேன், பிள்ளைங்களோட ஒட்டிக்கும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். தாயின் கேள்விகள்: கிளி என் மகளை வெறுக்கிறதா? நாய்க்கடிக்குப் போடும் ஊசி போட வேண்டுமா? இதை வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

ஊசி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்தப் பயம் மனதில் இருந்தால் மற்றது எதுவும் மண்டையில் ஏறாது. ரேபிஸ் பாலூட்டிகளுக்கு வரும் நோய். நாய், பூனை, குரங்கு கடித்தால் அந்தக் கவலை நியாயம். கிளி கடித்து ரேபிஸ் வராது. அந்த ஊசி உங்கள் மகளுக்குத் தேவையில்லை. கிளி கடித்தால் செய்ய வேண்டியது, காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுவது. டெட்டனஸ் தடுப்பூசி அட்டவணைப்படி போடப்பட்டிருக்கிறதா என்று குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒரு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். விரல் சிவந்து வீங்கியிருந்தாலோ, மடக்க வலித்தாலோ, சீழ் வைத்திருந்தாலோ இன்றே குழந்தைகள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் மனதைத் தேற்றிக்கொண்டு மேலே படியுங்கள்.

அலகு அதன் கை

கிளி உங்கள் மகளை வெறுக்கவில்லை. நான்கு மாதக் குஞ்சுக்கு அந்த அளவுக்கெல்லாம் வன்மம் கிடையாது. அதற்குப் பயம் உண்டு, ஆர்வம் உண்டு, தூக்கம் கெட்டால் எரிச்சல் உண்டு. உங்கள் மகள் தவழ்கிற வயதில் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்தாள் அல்லவா? ஜிலேபி இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறது. கிளிக்கு அலகுதான் கை. ஏறுவதற்கும் பிடித்துக்கொள்வதற்கும், ஒரு பொருள் கெட்டியா மெத்தா என்று தெரிந்துகொள்வதற்கும் அதைத்தான் நீட்டும்.

உங்கள் வீட்டில் இந்த ஆறு வாரத்தில் என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. பிள்ளை விரலை நீட்டுகிறது. அந்த விரல் தன் எடையைத் தாங்குமா என்று பார்க்கக் கிளி முதலில் அலகால் தொடுகிறது. கிளையானாலும் அப்படித்தான் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறும். கடிக்க வருகிறது என்று நினைத்துப் பிள்ளை விரலை வெடுக்கென்று இழுக்கிறது. கிளி தடுமாறுகிறது. அடுத்த முறை விரல் நழுவிவிடாமல் இருக்கக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கிறது. பிள்ளை வீறிடுகிறது. இப்படி நாலைந்து முறை ஆனதும் கிளி இரண்டு பாடம் கற்றுக்கொள்கிறது: மனிதக் கை நம்பத்தக்க கிளை இல்லை என்பது ஒன்று, அழுத்திக் கடித்தால் கை போய்விடும் என்பது இன்னொன்று. இரண்டாவது பாடம்தான் ஆபத்து. அது பலித்துவிட்டது என்று தெரிந்தால் எந்தக் கிளியும் அதை விடாது.

"முதல் பத்து நாள் நல்லாத்தானே இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை என்னிடம் வருகிற பாதிப் பேர் சொல்கிறார்கள். புது இடம், புது முகங்கள், கூடப் பிறந்த குஞ்சுகள் இல்லை. பயத்தில் உறைந்து உட்கார்ந்திருக்கும் பறவையை, பழகிவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பத்து நாளில்தான் எல்லோரும் அதைக் கைமாற்றிக் கைமாற்றி வைத்திருப்பீர்கள். கொஞ்சம் தைரியம் வந்ததும் அது தன் விருப்பத்தைச் சொல்லத் தொடங்கியிருக்கிறது. அதைக் கெட்ட குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த மாலைக்கே வருவோம். கிளி மற்ற மிருகங்களுக்கு இரையாகிற உயிர். மேலிருந்தோ பின்னாலிருந்தோ வருகிற நிழல் என்றால் அதன் உடம்பு பருந்து என்றுதான் புரிந்துகொள்ளும். மாலை நேரம், டிவி சத்தம், தூக்கக் கலக்கம், பின்னாலிருந்து ஓடிவரும் காலடி, தலைக்கு மேல் ஒரு கை. உங்கள் மகள் ஆசையாகத்தான் ஓடிவந்தாள். ஆனால் கிளிக்கு அது தெரிய வழியே இல்லை.

கடிக்கு முன் அது பேசுகிற பேச்சு

இந்த ஒரு விஷயத்தை உங்கள் வீட்டில் எல்லோரும் கற்றுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். கிளி எடுத்த எடுப்பில் கடிப்பதில்லை. முதலில் உடம்பைப் பின்னால் சாய்க்கும். இறகையெல்லாம் உடம்போடு ஒட்டவைத்து ஒல்லியாகிவிடும். கண்மணி சுருங்கி விரிந்து சுருங்கி விரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். வாலை விசிறிபோல விரிக்கும். வாயைத் திறந்து காட்டும். "வேண்டாம்" என்று இத்தனை விதமாகச் சொல்லியும் கை முன்னால் வந்தால் கடைசியாகத்தான் கடிக்கும். நாம் முன்னதையெல்லாம் கவனிக்காமல் கடியை மட்டும் கவனிக்கிறோம். கடிக்கு மட்டும்தான் இந்த வீட்டில் பதில் கிடைக்கிறது என்று தெரிந்த கிளி, நாளாக ஆக மற்ற அடையாளங்களை விட்டுவிட்டு நேராகக் கடிக்கே போய்விடும். "சொல்லாமக் கொள்ளாமக் கடிக்குது டாக்டர்" என்று கொண்டுவரப்படும் வளர்ந்த கிளிகள் பெரும்பாலும் இப்படி ஆனவைதான்.

நிம்மதியாக இருக்கிற கிளியும் பேசும். ஒரு காலை மடித்து வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நிற்கும். உடம்பைச் சிலிர்த்து ஒரு உதறு உதறும். தூக்கம் வரும்போது மேல் அலகையும் கீழ் அலகையும் மெல்லத் தேய்த்து "கர் கர்" என்று ஒரு சத்தம் வரும். பல்லைக் கடிக்கிறது என்று பயப்படாதீர்கள், சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் பகல் முழுக்க இறகை உப்பவைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, தீனி எடுக்காமல் இருந்தால் அது நோயின் அடையாளம். பறவை நோயைக் கடைசி வரை மறைக்கும். அந்த நிலையில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

அலகில் சுண்டுவதும் இறக்கை வெட்டுவதும்

உங்கள் கணவர் மகளின் ரத்தத்தைப் பார்த்த பதற்றத்தில் செய்தார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பலனை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: அவர் கையைக் கண்டால் கிளி சீறுகிறது. அது கற்றுக்கொண்டது "கடிக்கக் கூடாது" என்பதை இல்லை, "இந்தக் கை வலிக்கவைக்கும்" என்பதைத்தான். முகத்தில் ஊதுவது, கையை உலுக்கி விழவைப்பது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் இதே வகைதான். கத்துவதும் உதவாது. கிளிகள் கூட்டமாகக் கத்தி வாழ்கிற பறவைகள். நீங்கள் கத்தினால் அது கச்சேரியில் சேர்ந்துகொண்டதாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

கடித்தால் என்ன செய்வது? கை நடுங்கக் கூடாது. சத்தமில்லாமல் அருகிலிருக்கும் குச்சியிலோ கூண்டின் மேலோ இறக்கிவிட்டு, அரை நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பிறகு, கடிக்கு முந்தைய பத்து விநாடியில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். காரணம் அங்கேதான் கிடைக்கும்.

இறக்கை விஷயத்தில் கடைக்காரர் சொன்னதை நான் ஏற்கவில்லை. பயந்த பறவைக்கு இரண்டு வழி உண்டு: பறந்துபோவது, அல்லது கடிப்பது. பறக்கிற வழியை நாமே வெட்டிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? வெட்டிய பிறகு கடி கூடிய கிளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜிலேபி இப்போது பறக்கக் கற்கிற வயது. இந்த வயதில் இறக்கை போனால் கல்லுபோலத் தரையில் விழும், மார்பெலும்பு அடிபடும். டைல்ஸ் தரை போட்ட நம் வீடுகளில் இந்தக் காயம் சகஜமாக வருகிறது. வெட்டிய இறகு, அடுத்து இறகு உதிர்த்து முளைக்கும் வரை திரும்பாது. அது மாதக் கணக்கு.

மகளுக்குத் தினைக்கதிர், மகனுக்கு நோட்டு

பழக்க வேண்டியது கிளியை மட்டும் என்று நினைக்காதீர்கள். கிளிக்குப் பழக்குவதற்கு முன் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும், அவர்களுக்கும் முன்னால் நீங்களும் கணவரும். பெரியவர்கள் கையில் அது நிம்மதியாக ஏறி இறங்கும் வரை பிள்ளைகள் கையில் விடாதீர்கள்.

முதலில் கூண்டின் இடத்தை மாற்றுங்கள். ஹாலின் நடுவில், நாலு பக்கமும் ஆள் நடமாட்டத்தில் தொங்கும் கூண்டில் கிளி எந்தப் பக்கம் திரும்பி நிற்கும்? ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கட்டும், உயரம் உங்கள் நெஞ்சு மட்டம் இருக்கட்டும். இரவு பத்து முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் அதற்குத் தேவை. ஏழரை மணிக்கு மேல் டிவி இல்லாத அறைக்குக் கொண்டுபோய் மெல்லிய துணி போட்டு மூடுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். உங்கள் வீட்டுக் கடி நடந்ததே மாலையில்தான். தூக்கம் சரியானதும் பாதிக் கோபம் இறங்கிவிட்ட கிளிகள் உண்டு.

அப்புறம், கூண்டு அதன் அறை. அது உள்ளே இருக்கும்போது யாரும் விரலோ பென்சிலோ விடக் கூடாது. "என் பையன் சும்மா சீண்டுவான்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன். மகனைத் திட்ட வேண்டாம். அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில், ஒரு வாரம், ஜிலேபி என்ன செய்தது, அதற்கு முன் யார் என்ன செய்தார்கள், மணி என்ன என்று எழுதச் சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பையன் பெரியவர்களைவிட நன்றாகக் கவனிப்பான். வேடிக்கை பார்க்கத் தெரிந்தவனுக்குச் சீண்டத் தோன்றாது.

இரண்டாவது வாரம் அவனிடம் ஒரு ஐஸ்கிரீம் குச்சி கொடுங்கள். சூரியகாந்தி விதையைத் தீனிக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிட்டு, அதைக் கூலியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் அதையே தின்பது கிளியின் ஈரலுக்கும் நல்லதில்லை. குச்சியின் நுனியைக் கம்பிக்கு வெளியே காட்ட வேண்டும். கிளி அலகால் தொட்ட அந்தக் கணத்தில் "சபாஷ்" என்று சொல்லி ஒரு விதை. அவ்வளவுதான். மூன்று நிமிடம், காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை. சில நாளில் குச்சி போகிற பக்கமெல்லாம் கிளி நடந்து வரும். அதன் பிறகு அதே குச்சியைக் காட்டி உங்கள் முழங்கையில் ஏறவைக்கலாம். விரலைவிட முழங்கை பிள்ளைகளுக்கும் கிளிக்கும் உறுதி. ஏறும்போது அலகால் தொட்டால் கை அசையக் கூடாது. இதை முதலில் ஒரு பென்சிலை வைத்து மகனிடம் ஒத்திகை பாருங்கள்.

மகள் விஷயத்தில் அவசரமே வேண்டாம். "பயப்படாதே, தொடு, ஒண்ணும் பண்ணாது" என்று யாரும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகக் கூடாது. கிளிக்கு "வேண்டாம்" என்று சொல்ல உரிமை இருப்பதுபோல அவளுக்கும் இருக்கிறது. முதல் வாரம் வாசற்படியில் உங்கள் மடியில் உட்காரட்டும். கூண்டிலிருந்து ஆறடி தள்ளி. அவளுக்குப் பிடித்த கதையை அங்கேயே சத்தமாகச் சொல்லுங்கள். கிளி அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும், அவள் கிளியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு ஒரு நாள், அவளாக இறங்கிப் போகும்போது, நீளமான காம்போடு ஒரு தினைக்கதிரைக் கொடுங்கள். பறவைத் தீனிக் கடைகளில் கிடைக்கும். நுனியைக் கிளி கொறிக்கும், அடியை அவள் பிடித்திருப்பாள்; விரலுக்கும் அலகுக்கும் நடுவில் ஒரு சாண் தூரம் இருக்கும். மணிகள் உதிர உதிரக் கிளி தின்பதைப் பார்க்கும்போது அவள் முகம் மாறுவதைப் பாருங்கள். தினைப்புனத்தில் கிளியை ஓட்டப் பெண்பிள்ளைகளைக் காவல் வைத்த நாடு நம்முடையது. கிளிக்குத் தினை எவ்வளவு பிடிக்கும் என்று நமக்குப் புதிதாக யாரும் சொல்ல வேண்டாம். அதற்கு அடுத்தது நீளக் கரண்டியில் நறுக்கிய கொய்யா. இந்த இரண்டோடு மாதக் கணக்கில் நின்றாலும் குறை இல்லை. நான்கு வயதுப் பிள்ளை கிளியைக் கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது.

தொடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கிளி வெளியே இருக்கும்போது பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும், ஓடக் கூடாது. கை பக்கவாட்டிலிருந்து, அதன் நெஞ்சு மட்டத்தில் வரட்டும். ஒற்றை விரலால் தலையிலும் கழுத்திலும் மட்டும் மூன்று எண்ணும் வரை வருடிவிட்டு நிறுத்துங்கள். இன்னும் வேண்டுமென்றால் அதுவே தலையைக் குனிந்து கொடுக்கும். கொடுக்காவிட்டால் போதும் என்று அர்த்தம். முதுகையும் வாலடியையும் தடவ வேண்டாம்; பருவம் வந்த கிளிக்கு அது இணை சேரும் அழைப்பு, பின்னால் அதனாலேயே முரட்டுத்தனம் வரும். முகத்தோடு முகம் வைப்பதும், வாயிலிருந்து சோறு ஊட்டுவதும் வீட்டில் யாருமே செய்யக் கூடாது. நம் எச்சிலில் இருக்கும் கிருமிகள் அதற்கு ஆகாது. அதன் அலகு நம் உதட்டுக்கும் கண்ணுக்கும் ஆகாது.

ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள். கிளியைக் கைக்குள் இறுக்கிப் பிடிக்கவே கூடாது. நமக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் இருக்கிறது. பறவைக்கு அப்படி இல்லை. மார்பெலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. கடிக்காமல், கத்தாமல், ஒரு குழந்தையின் அன்பான பிடியிலேயே மூச்சு நின்றுபோகும். அப்படிப் போன பறவைகளைத் துண்டில் சுற்றி என் மேசைமேல் வைத்திருக்கிறார்கள். கூட வந்த பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்கள் மகளுக்கு அந்த நாள் வரக் கூடாது. ஆகவே, பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் கிளியும் அவளும் ஒரே அறையில் இருக்க வேண்டாம். அடுப்படியில் இருந்துகொண்டு எட்டிப் பார்ப்பது கணக்கில் சேராது.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

நம் வீடுகளில் கிளிக்குப் பெரிய ஆபத்து சீலிங் ஃபேன். கிளியை வெளியே விடும் முன் ஃபேனை நிறுத்துவதோடு, சுவிட்ச் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் மறந்து போட்டுவிடுவார்கள். நான்ஸ்டிக் தவா காய்ந்து புகைந்தால் வரும் ஆவி நமக்குத் தெரியக்கூடத் தெரியாது, கிளி நிமிடங்களில் செத்துவிடும். கொசுவத்திச் சுருளும், சாம்பிராணிப் புகையும், ஸ்பிரேயும் அது இருக்கும் அறையில் வேண்டாம். குளியலறையில் மூடாத வாளி, அடித்துச் சாத்தும் கதவு, தரையில் நடக்கும்போது கால் மிதி, இவற்றையும் பாருங்கள்.

பிள்ளைகள் தங்கள் தட்டிலிருந்து முறுக்கு, பிஸ்கட் கொடுப்பார்கள். உப்பும் எண்ணெயும் அதற்கு ஆகாது. சாக்லேட்டும் அவகாடோவும் விஷம். கேரட், குடைமிளகாய், வேகவைத்த சோளம், விதை நீக்கிய ஆப்பிள், மாதுளை நல்லது. காய்ந்த மிளகாயைக்கூடக் கிளி ரசித்துத் தின்னும். அதன் காரம் பறவைக்குத் தெரியாது. இதைப் பார்த்தால் உங்கள் மகன் அசந்துபோவான். ஆனால் மிளகாயை நீங்கள்தான் கொடுக்க வேண்டும், பிள்ளைகள் அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்துவிடுவார்கள்.

மாமியார் இன்னொன்றும் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள்: "பறவை வளர்த்தால் நெஞ்சுச் சளி வருமே?" அவர் கவலையில் உண்மை இருக்கிறது, அதை ஒதுக்கிவிடாதீர்கள். கிளிகளிடமிருந்து மனிதருக்கு வரக்கூடிய சிட்டாகோசிஸ் என்ற நோய் உண்டு. காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுப்பதால் வரும். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் இருக்கும். அடிக்கடி வருவதில்லை, மருந்துக்குக் கேட்கும். ஆனால் வீட்டில் யாருக்காவது அப்படி வந்தால் "எங்க வீட்டில் கிளி இருக்கு" என்று மருத்துவரிடம் நீங்கள் சொல்ல வேண்டும். அவர் அதைக் கேட்க மாட்டார். கூண்டுத் தட்டைத் தினமும் ஈரமாகத் துடைத்து எடுங்கள், உலரவைத்துப் பெருக்காதீர்கள். தொட்ட பிறகு கை கழுவுவது பிள்ளைகளுக்குப் பழக்கமாகட்டும். யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், கிளியை வைத்திருப்பது பற்றி அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டே முடிவெடுங்கள். ஜிலேபியை ஒரு முறை பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் எச்சப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டியது

பச்சைக்கிளி வேண்டாம். கறாராகச் சொல்லிவிடுங்கள். நம் ஊர்ச் செந்தார்ப் பைங்கிளியும் அதன் இனத்தைச் சேர்ந்த மற்ற கிளிகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. "எல்லோரும்தானே வளர்க்கிறார்கள்" என்பது வனத்துறையிடம் எடுபடாது. சட்டத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. அவர் "ஏற்பாடு" செய்யும் குஞ்சு மரப்பொந்திலிருந்து, கண் திறந்தும் திறக்காத நிலையில் எடுக்கப்பட்டது. அந்தக் கூட்டில் எடுத்த குஞ்சுகளில் சில விற்பனைக்கு வரும் முன்பே செத்துப்போகும். அதோடு, பச்சைக்கிளி பிள்ளைகளோடு தானாக ஒட்டும் என்பதும் தவறு. அதுவும் இதேபோல்தான் அலகை நீட்டும், இதேபோல்தான் கடிக்கும்.

ஜிலேபிக்கும் ஒரு சட்ட வேலை பாக்கி இருக்கிறது. சன் கனூர் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது; பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனம். அப்படிப்பட்ட உயிர்களை வைத்திருப்பவர்கள் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024ஆம் ஆண்டு விதிகள் வந்திருக்கின்றன. கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது. பயந்து மறைக்காதீர்கள். கடைக்காரரிடம் கிளி வாங்கியதற்கான ரசீதையும், அவர் யாரிடமிருந்து வாங்கினார் என்ற விவரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாவட்ட வன அலுவலகத்தில் நிலைமையைச் சொல்லி, தாமதத்தோடு எப்படிப் பதிவது என்று கேளுங்கள். ரசீது தர மறுக்கும் கடையில் இனி எதையும் வாங்க வேண்டாம்.

வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா

"திறந்து விட்டுடு" என்று மாமியார் சொன்னது இரக்கத்தில் சொன்னது. ஆனால் கூண்டில் பிறந்த வேற்று நாட்டுக் கிளிக்கு நம் ஊர் மரத்தில் தீனி தேடத் தெரியாது. அந்த மஞ்சளும் ஆரஞ்சும் காகத்துக்கும் வல்லூறுக்கும் தூரத்திலிருந்தே தெரியும். சில நாள்கூடத் தாக்குப்பிடிக்காது. அந்த வழியை மட்டும் மூடிவிடுங்கள்.

மற்றபடி இரண்டு வழியும் கண்ணியமானவைதான். நீங்கள் முடிவெடுக்கும் முன் சில விஷயங்களை நேராகப் பாருங்கள். சன் கனூர் 20 முதல் 30 ஆண்டு வரை வாழக்கூடியது. உங்கள் மகன் கல்லூரிக்குப் போன பிறகும் அது வீட்டில் இருக்கும். அப்போது தீனி வைப்பது நீங்கள். விடியற்காலையும் மாலையும் கத்தும். உடம்பின் அளவுக்குப் பொருந்தாத சத்தம் அது, எந்தப் பயிற்சியும் அதை முழுவதும் நிறுத்தாது. மாமியாரின் தூக்கத்தையும் பக்கத்து வீட்டையும் நினைத்துப் பாருங்கள். பேசும் என்று பிள்ளைகள் எதிர்பார்த்தால் ஏமாறுவார்கள், இந்த இனம் நன்றாகப் பேசுவதில்லை. ஒன்று, இரண்டு வயதுக்குள் பருவம் வரும்போது சில மாதம் மீண்டும் முரண்டு பிடிக்கும்.

இதையெல்லாம் தெரிந்தும் "பார்த்துக்கொள்வேன்" என்று உங்களுக்கு, குறிப்பாக உங்களுக்குத் தோன்றினால், ஆறு வாரம் நான் சொன்னபடி செய்து பாருங்கள். நான்கு மாதக் கிளி எதையும் திருத்திக்கொள்ளும். என் அனுபவத்தில் இது மிக நல்ல வயது. கணவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கையை நீட்ட வேண்டாம். தினமும் கூண்டைக் கடந்து போகும்போது ஒரு விதையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நிற்காமல் போகட்டும். சில வாரத்தில் கிளி அவருக்காகக் காத்திருக்கும்.

ஆறு வாரத்துக்குப் பிறகும் மகள் அந்த அறைக்கு வர அழுதால், அல்லது வேலைக்கு நடுவில் இத்தனை கவனிப்பு உங்களால் முடியவில்லையென்றால், பறவைகளோடு பழகிய, சிறு குழந்தைகள் இல்லாத ஒரு வீட்டுக்கு முறைப்படி மாற்றிக் கொடுங்கள். ஜிலேபியைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் சொல்லிவைத்தால் அப்படிப்பட்டவர்களை அவருக்குத் தெரிந்திருக்கும். கைமாற்றுவதையும் பதிவில் காட்ட வேண்டும். அப்போது "நீ பயந்ததாலதான் ஜிலேபியைக் கொடுத்துட்டோம்" என்று வீட்டில் யாரும் மகளிடம் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் அவளோடு நெடுநாள் இருக்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை மூன்றுதான்: மகளின் விரலைப் பாருங்கள், கூண்டைச் சுவரோரம் மாற்றுங்கள், ஏழரைக்குத் துணி போடுங்கள். நாளை மகனுக்கு நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒரு வாரம் அவன் எழுதியதைப் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த நேரத்தில், யார் வரும்போது அதிகம் கொத்துகிறது என்று அதில் தெரிந்தால், அடுத்த படியை அதற்கேற்பச் சொல்கிறேன்.